குளிர்பெட்டியின் வேர்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். மிசிசிப்பிக்காரர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு நதியையும் ரிஷியையும் விட்டுவிட்டார்கள். பாட்டுமூலம் பார்க்க மட்டும் ஒரு பேரவை அமைத்துவிட்டார்கள். வேரிசை மெய்ம்மைப் பேரவை என்று அதற்குப் பெயர். அந்தச் சமவெளியில் பருத்தியும் கெளுத்தி மீனும் போக விளைவது பாட்டு ஒன்றுதான். பருத்திக்குத் தரம் பிரிப்பதுபோல் பாட்டுக்கும் பிரித்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. தோன்றிய ஆளுக்கு உடனே ஒரு நாற்காலி கிடைத்தது. நாற்காலி கிடைத்த பிறகு யோசனையை யார் திரும்பப் பெறுவார்கள்?

பேரவையின் முத்திரை இல்லாத ஆல்பத்தை வானொலியில் போடக் கூடாது, திருவிழா மேடையில் வாசிக்கக் கூடாது. முத்திரை வேண்டுமென்றால் ஊர்க்காரர்களில் பன்னிரண்டு பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, உட்காரவைத்து, கேட்கவைத்து, கருத்துச் சொல்லவைப்பார்கள். கொலை வழக்குக்கு ஜூரி உட்காருவதுபோலத்தான். கொலை வழக்கில் குற்றவாளிக்கு ஒரு வக்கீல் இருப்பார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பெல் சோட்டா ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் லூரெட்டா பாங்குக்கு அந்தச் சம்மன் ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் வந்தது. கொண்டுவந்தவன் ஷெரீஃபின் உதவியாளன் கார்லிஸ்.

"தராசுல ஏதாவது தப்பாடா?" என்றாள் லூரெட்டா.

"இல்லீங்க மிஸ் லூரெட்டா. நீங்க வந்து பாட்டுக் கேக்கணுமாம்."

"கேட்டா?"

"கேட்டுட்டுக் கருத்துச் சொல்லணும்."

"சொல்லலேன்னா?"

"உள்ள போடணும்னு போட்டிருக்கு. எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. நீங்க உள்ள போயிட்டா எனக்கு மத்தியான சாண்ட்விச் யாரு போடுவா?"

எந்த ஆல்பம் என்று பார்த்தாள். டூலி ரக்கரின் 'எல்லாம் கொஞ்சம்'. சம்மனை மடித்துக் கல்லாவுக்குள் வைத்தாள்.

டூலி வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பழுது பார்க்கிறவன். ஓய்ந்த நேரத்தில் ஸ்லைடு கிதார் வாசிப்பான். விரலில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு கம்பிமேல் வழுக்கவிட்டால் ஒரே கம்பியில் அழுகையும் சிரிப்பும் வருமே, அந்த வாசிப்பு. ஊரில் காதில் விழுந்ததையெல்லாம் அதில் வாசித்து ஆல்பமாக்கியிருந்தான். தேவாலயப் பாட்டு, தன்னூஸ் வீட்டு லெபனான் கல்யாண ஆட்டம், சோளமாவுத் தமாலே விற்கிற ரோசாரியோவின் மெக்சிகோ வால்ட்ஸ், பம்பு இரைச்சலை வைத்துக் கட்டிய ராக் எல்லாம் அதில் உண்டு. கடைசியாக ஹார்லனின் பாட்டு.

ஹார்லன் லூரெட்டாவின் கணவர். போன குளிர்காலத்தில் இறந்துபோனார். அவர் பாடகர் அல்ல. கடையின் பின்பக்கம் இறைச்சிக் குளிர்பெட்டி பக்கத்தில் நின்று பலோனி இறைச்சியை வட்டவட்டமாக நறுக்கிக்கொண்டே முனகுவார். குளிர்பெட்டி பழசு. அதன் மோட்டார் ஓடத் தொடங்கினால் 'ம்ம்ம்' என்று கடையே அதிரும். அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு ஹார்லனும் முனகுவார். மோட்டார் நின்றால் அவரும் பாதியில் நிறுத்திவிடுவார். கல்லாவிலிருந்து லூரெட்டா குரல் கொடுப்பாள்: "ஏன் நிறுத்திட்ட? மேல போ." மோட்டார் மறுபடி ஓடும், அவரும் விட்ட இடத்தில் தொடங்குவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடந்தது. அந்த முனகலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. பலோனி நறுக்குகிறவரின் முனகலை யார் பதிவு செய்வார்கள்?

டூலி மட்டும் மோர் குடிக்க வந்து வந்து அதைக் காதில் வாங்கியிருந்தான். "கடைசிப் பாட்டு ஹார்லனோடது, மிஸ் லூரெட்டா. சனிக்கிழமை திருவிழாவுல வாசிக்கிறேன். அதுவரைக்கும் கேக்காம இருங்க" என்றிருந்தான். அவள் உள்ளே போய் அவனுக்கு ஊறுகாய் வெள்ளரிக்காய் ஒன்று எடுத்துவந்து கொடுத்தாள். அவருடைய குரல் மண்ணுக்குள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் முன்னால் தெரிந்தது. முத்திரை கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

விசாரணை பழைய பருத்தி ஆலைக் கட்டடத்தில் நடந்தது. குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. பேரவைத் தலைவர் டாக்டர் பிரெஸ்காட் ஓகில்ஸ்பி வெள்ளை லினன் கோட்டில் உட்கார்ந்திருந்தார். முக்கால் நிமிஷப் பாட்டு ஒன்றைப் பற்றி மூன்று தடித்த புத்தகங்கள் எழுதியவர். மூன்றாவது புத்தகம் முதல் இரண்டையும் மறுத்தது.

முதல் வேலை நடுநிலையைச் சோதிப்பது.

"இந்த டூலி ரக்கரை உங்களில் யாருக்காவது தெரியுமா?"

பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. பத்தாயிரம் பேர் இருக்கிற ஊராக இருந்தாலும் பம்பு ரிப்பேர்காரனைத் தெரியாமல் இருக்குமா? இது ஆயிரம் பேர் ஊர். ஓகில்ஸ்பி சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்லது. இந்தக் கணத்திலிருந்து உங்களுக்கு அவரைத் தெரியாது."

டூலி கிதாரோடு உள்ளே வந்தான். "என்ன டீக்கன், முட்டிவலி தேவலையா?" என்று லூரெட்டா பக்கத்தில் இருந்த கெய்ன்ஸைக் கேட்டான். டீக்கன் கெய்ன்ஸ் பாப்டிஸ்ட் சபை மூப்பர், பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். கூரையைப் பார்த்துக்கொண்டு, "தம்பி யாருன்னு தெரியல. ஆனா தேவலை" என்றார்.

அடுத்து ஒவ்வொருவரின் வேரையும் குறித்துக்கொண்டார்கள். குறித்தவள் வேர் ஆய்வாளர் மிஸ் கோரின் டப்ஸ். லூரெட்டா முறை வந்ததும் பேனா நின்றது.

"உங்க வேரு எது?"

"இந்த ஊருதான். மூலைக்கடை."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்க தாத்தா அதே மூலைக்கடை. அதுக்கும் முன்னாடி கான்டன்."

"கான்டன்னா நம்ம மாநிலத்துல இருக்கே, அதா?"

"இல்லம்மா. சீனாவுல இருக்கிறது."

மிஸ் டப்ஸ் தலைவரைப் பார்த்தாள். தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "இதரம்" என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ரப்பர் பூட்ஸ் வந்தது. வாத்து வேட்டைக்குப் போடுவது, முழங்கால் வரை வரும். பன்னிரண்டு பேருக்கும் மாட்டிவிட்டு உள்ளே ஆற்று மணலைக் கொட்டினார்கள்.

"காலால் தாளம் போடுவது தீர்ப்பை முன்கூட்டியே கசியவிடும் குற்றம்" என்றார் ஓகில்ஸ்பி. "விசிறி வீசலாம். ஆனால் தாளத்துக்கு வீசக் கூடாது. தாறுமாறாக வீச வேண்டும்."

சவப்பெட்டிக் கடை விளம்பரம் போட்ட அட்டை விசிறிகளை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தாறுமாறாக வீசுவது எவ்வளவு கஷ்டம் என்று வீசிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். டீக்கன் தன் மூக்கிலேயே அடித்துக்கொண்டார்.

பிறகு தலைவர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே! இசையைக் கேட்பது எளிது. கோவேறு கழுதைகூடக் கேட்கும். கேட்பதற்கு முன்பே கருத்து வைத்திருப்பதுதான் கல்வி. நான் நாற்பது ஆண்டுகளாக இத்துறையில் இருக்கிறேன். ஒரு பாட்டுக்கூட என்னை மகிழ்வித்ததில்லை. அந்தத் தூய்மையை உங்களிடமும் எதிர்பார்க்கிறேன். முழுப் பாட்டையும் கேட்டால் பிடித்துப்போகும் அபாயம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பாட்டிலும் தொடக்கத்தை மட்டும் போடுவோம். கருத்துக்கு வேண்டிய சொற்களையும் பேரவையே தருகிறது."

சுவரில் அந்தச் சொற்கள் தொங்கின. புழுதி, போர்பன், சரக்கு ரயில், துருப்பிடித்த கதவு, நள்ளிரவு. இவற்றில் குறைந்தது இரண்டு சொற்கள் வந்தாக வேண்டும்.

முதல் பாட்டு தொடங்கி, கிதார் ஒருமுறை கூவியதும் நிறுத்தினார்கள்.

"நல்லாருக்கு" என்றாள் லூரெட்டா.

"அது சொற்பட்டியலில் இல்லை, அம்மணி."

"நல்லாருக்குங்க."

"மரியாதை சேர்த்தாலும் இல்லை."

டீக்கன் உதவிக்கு வந்தார். "நள்ளிரவுல ஒரு சரக்கு ரயிலு, துருப்பிடிச்ச கதவு வழியா வந்து, போர்பன் குடிச்சிட்டு, புழுதியில உருண்ட மாதிரி இருக்குங்க." குடிக்கு எதிராக வாராவாரம் சபையில் பேசுகிற மனிதர். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு கேட்பாளரைக் கண்டதில்லையாம்.

இரண்டாவது பாட்டு லெபனான் கல்யாண ஆட்டம். மிஸ் டப்ஸ் கையை உயர்த்தி நிறுத்தினாள். "இது இந்த மண்ணோடது இல்ல."

"தன்னூஸ் வீட்டுல மூணு தலைமுறையா இதுக்குத்தானே ஆடுறாங்க?" என்றார் டீக்கன். "போன மாசம் நானே ஆடினேன். முட்டிவலி அதுலதான் வந்துச்சு."

"ஆடியது செல்லாது" என்றார் தலைவர். "மண்ணில் இருப்பது வேறு, வேர் வேறு. நூறாண்டு இருந்தாலும் குடியிருப்பவர் குடியிருப்பவர்தான்." சொல்லிவிட்டுத் தன் தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டார்.

பிறகு டூலியைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"ஸ்லைடுக்கு எந்த மதுப் புட்டியின் கழுத்தை உடைத்தீர்கள்?"

"புட்டி இல்லீங்க. இது ஸ்பார்க் பிளக் கழட்டுற இரும்புக் குழாய். பம்பு வேலைக்கு வெச்சிருந்தது, விரலுக்குச் சரியா இருந்துச்சு."

"மதுவே அருந்துவதில்லையா?"

"சர்க்கரை வியாதிங்க. மோருதான்."

"மோர்ப் புட்டியை உடைக்கலாமே?"

"அது அட்டைப் பெட்டியில வருது சார். உடைச்சா மோருதான் கொட்டும்."

தலைவர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "மனைவி விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அல்லவா?"

"இல்லீங்க. வாசல்ல கார்ல உக்காந்திருக்கா. சீக்கிரம் வரச் சொன்னா, கெளுத்தி மீனு ஆறிடும்னு."

"நாய் செத்ததா?"

"ரெண்டும் நல்லாருக்கு. ஒண்ணு குட்டி போட்டிருக்கு."

அந்த மண்ணின் ப்ளூஸ் பாட்டு என்றால் பாடுகிறவனுக்கு மனைவி போயிருக்க வேண்டும், இல்லை நாயாவது செத்திருக்க வேண்டும். அவையில் சலசலப்பு எழுந்தது. மிஸ் டப்ஸ் தண்ணீர் குடித்தாள். துயரமே இல்லாத ஒருவன் துணிச்சலாக ஸ்லைடு கிதார் வாசித்திருக்கிறான்! "வெள்ளத்திலாவது ஏதாவது போனதா?" என்று கடைசி வாய்ப்பாகக் கேட்டார் தலைவர். டூலி பாவம், ஒத்துழைக்கத்தான் பார்த்தான். ரொம்ப யோசித்து, "ஒரு ஏணி போச்சுங்க. பக்கத்து ஊர்ல கிடைச்சிடுச்சு" என்றான்.

கடைசிப் பாட்டைப் போட்டார்கள். அடியில் ஒரு கம்பி 'ம்ம்ம்' என்று நீண்டது. அதன்மேல் ஸ்லைடு மெல்ல ஏறி, கொஞ்சம் தயங்கி, ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. ஹார்லன் அப்படித்தான் ஏறுவார், அப்படித்தான் தயங்குவார். மணலுக்குள் இருந்த லூரெட்டாவின் கால் தானாக அசையப் பார்த்தது, முடியவில்லை. இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரே ஒரு அடி என்று அவள் முன்னால் சாய்ந்தாள். தலைவர் நிறுத்திவிட்டார்.

"பதினேழாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து ஒப்பாரி" என்றார் அவர்.

"நைஜர் ஆத்துப் படகுப் பாட்டு" என்றாள் மிஸ் டப்ஸ்.

"ஒப்பாரி!"

"படகு!"

இருவரும் சுருதி ஏறக் கத்தினார்கள். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் முழுதாகக் கேட்க முடிந்த கச்சேரி அது ஒன்றுதான். ஒத்துப்போகவில்லை என்றதும் வழக்கம்போல் சமரசத்துக்கு வந்தார்கள். வேர் தெரியாததால் ஆல்பமே வேரற்றது. முத்திரை கிடையாது.

லூரெட்டா எழுந்தாள். எழுந்தாள் என்றால் இடுப்புக்கு மேல் எழுந்தாள். கீழே மணல் விடவில்லை.

"அது எங்க வீட்டுக்காரர் முனகினதுங்க. ஹார்லன். பலோனி நறுக்கும்போது."

"அவர் எங்கிருந்து பெற்றார்?"

"எங்கிருந்தும் இல்ல. கடைக் குளிர்பெட்டி மோட்டார் ஓடும், அதோட சேந்து முனகுவாரு. அவ்வளவுதான்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாரும் சிரிக்கப் போகிறார்கள் என்று பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூலம்..." என்றார்.

அரைமணி நேரத்தில் பேரவை முழுவதும் பாங் மளிகைக் கடையில் இருந்தது. தொப்பிகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குளிர்பெட்டியைச் சுற்றி நின்றார்கள். நூடுல்ஸ் வாங்க வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். மோட்டார் அப்போது ஓய்வில் இருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். 'டொக்' என்று ஒரு சத்தம், பிறகு 'ம்ம்ம்'. மிஸ் டப்ஸ் அழுதேவிட்டாள்.

"புழுதி" என்றாள்.

"சரக்கு ரயில்" என்றார் தலைவர்.

டீக்கன் கெய்ன்ஸ் குனிந்து பார்த்து, "பின்னாடி துருகூட இருக்குங்க" என்றார்.

"ஏன்மா, கேஸ் ரொப்பி நாளாச்சா?" என்று கார்லிஸ் ஏதோ கேட்கப் போக, தலைவர் விரலை உயர்த்தினார். "மூலம் ஒலிக்கும்போது எவரும் வாய் திறக்கலாகாது! இது இன்று முதல் விதி. தலைவருக்கும் பொருந்தும்." மோட்டார் நிற்கும்வரை ஒருவரும் பேசவில்லை. நின்றதும் அதை எழுதிக்கொண்டார்கள்.

தீர்ப்பு அங்கேயே வந்தது. ஆல்பத்துக்கு முத்திரை உண்டு. ஆனால் மூலம் பேரவையின் காப்பில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்காவிட்டால் முத்திரை இல்லை, சனிக்கிழமை இல்லை. கடை வாசலில் ஒரு பெயர்ப்பலகை நடுவார்கள்.

"ஹார்லன் பேரு போடுவீங்களா?"

"அவர் வெறும் இடையாள்தானே, அம்மணி. மூலத்தின் பெயரைத்தான் போடுவது மரபு." மிஸ் டப்ஸ் அதற்குள் குளிர்பெட்டியின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

லூரெட்டா குளிர்பெட்டியின் மூடியில் கைவைத்தாள். அவர் சாய்ந்து சாய்ந்து பெயின்ட் போன இடம் அது. பெட்டியை வைத்துக்கொண்டால் சுருதி இருக்கும், பாட்டு இருக்காது. கொடுத்தால் பாட்டு வரும். "எடுத்துட்டுப் போங்க" என்றாள். சொன்ன பிறகு கல்லாவில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

சனிக்கிழமை சதுக்கத்தில் ஊரே கூடியிருந்தது. மேடை நடுவில் குளிர்பெட்டி நீல நாடா கட்டி நின்றது. அதிர்ந்தால் பாரம்பரியப் பொருள் கெட்டுவிடும் என்று மின்சாரம் கொடுக்கவில்லை. ஓரமாக, ஒரு முக்காலியில், டூலி கிதாரோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒதுக்கியது ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு அந்த வருஷத்து அழகியான கெளுத்தி ராணிக்கு முடிசூட்டு விழா. ராணியின் தாயார் தயாராக நின்றாள். அந்த அம்மாளைக் காக்கவைக்கிற துணிச்சல் மாநில ஆளுநருக்கே கிடையாது.

ஓகில்ஸ்பி ஒலிவாங்கி முன் வந்தார்.

"இசைக்கு முன் சில சொற்கள். இசை முடிந்துவிடும், கருத்து நிலைக்கும். பாட்டைக் கேட்டவர்களை யாரும் நினைவு வைத்திருப்பதில்லை. அதைப் பற்றிப் பேசியவர்களுக்குத்தான் சிலை வைக்கிறார்கள். எனக்கு எங்கே வைப்பது என்பதை நான் முடிவு செய்துவிட்டேன்..."

அரைமணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. தலைவர் அப்போதுதான் குளிர்பெட்டிகளின் வரலாற்றில் பனிக்கட்டி யுகத்தைத் தாண்டியிருந்தார். டூலி விரலில் குழாயை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். லூரெட்டா முன்வரிசையில் இருந்தாள். இனி அந்தப் பாட்டைக் கேட்காமலே வீட்டுக்குப் போகப் போகிறோம், பெட்டியும் போயிற்று என்று நினைத்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து மேடையின் பின்பக்கம் போனாள். குளிர்பெட்டியின் ஒயரைக் கையில் எடுத்தாள்.

"மிஸ் லூரெட்டா, என்ன பண்றீங்க?" என்று கார்லிஸ் ஓடிவந்தான்.

"பலோனி கெட்டுப்போயிடும்."

"உள்ள பலோனியே இல்லையே!"

"பாத்தியா, அவ்வளவு கெட்டுப்போச்சு."

கார்லிஸ் கொஞ்சம் யோசித்தான். பெட்டி போனதிலிருந்து அவனுக்கும் மத்தியானத்தில் சாண்ட்விச் இல்லை. திரும்பி நின்று ஒரு மரத்தைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினான். அவள் கிதார் ஒலிப்பெட்டியின் ஒயர் சொருகியிருந்த மின்பலகையிலேயே இதையும் சொருகினாள்.

'டொக்.' பிறகு 'ம்ம்ம்.' தலைவர் முன்னால் இருந்த ஒலிவாங்கி அதை வாங்கிச் சதுக்கம் முழுவதற்கும் கொடுத்தது.

ஓகில்ஸ்பி "ஆகவே" என்று தொடங்கியவர் அப்படியே நின்றார். மூலம் ஒலிக்கிறது. விதி அவருடையது. முகம் சிவந்து, வாயை மூடிக்கொண்டார். டூலி ஒரு கணம்கூட வீணாக்கவில்லை. அந்தச் சுருதிமேல் குழாயை வைத்து மெல்ல ஏறினான், தயங்கினான், ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கினான். அன்று நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போனான். லூரெட்டா மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடையின் பின்பக்கத்திலிருந்து வருவதுபோலவே வந்தது. பலோனியின் மிளகுத்தூள் வாசனைகூட வந்ததாக அவள் பிறகு சொன்னாள். அவள் கால் தாளம் போட்டது. டீக்கனின் முட்டி தாளம் போட்டது. தன்னூஸ் வீட்டார், ரோசாரியோ, கெளுத்தி ராணி, ராணியின் தாயார் எல்லாரும் போட்டார்கள்.

பாட்டின் நடுவில் மோட்டார் நின்றது. பழைய பெட்டி, அதன் பழக்கம் அது. டூலியும் பாதியில் நிறுத்தினான். ஹார்லன் அப்படித்தானே நிறுத்துவார்? சதுக்கத்தில் ஒரு சத்தம் இல்லை. ஓகில்ஸ்பிக்கு உயிர் வந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒலிவாங்கியை நெருங்கி, மூச்சை உள்ளே இழுத்து, வாயைத் திறந்தார்.

படியில் உட்கார்ந்திருந்த லூரெட்டா, கல்லாவிலிருந்து சொல்வதுபோல, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏன் நிறுத்திட்ட? மேல போ."

'டொக்' என்றது குளிர்பெட்டி. தலைவர் வாயை மூடிக்கொண்டார்.